வான்படைக்கு வலிமை விமானியே!

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, சபையோரே, வணக்கம்.

வான்படைக்கு வலிமை விமானமா, விமானியா? விமானிதான் என்று பேச நிறையக் குறிப்பு எடுத்து வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. "1939இல் போலந்து வான்படையை முதல் நாளே தரையில் வைத்து நொறுக்கிவிட்டார்கள். நல்ல விமானம் இல்லாதவனுக்கு வீரம் எதற்கு?" என்றார்.

அண்ணே, அது ஜெர்மனி பரப்பிய கதை. செப்டம்பர் 1ஆம் தேதி குண்டு விழுமுன்பே போலந்தின் போர் விமானங்கள் ஒதுக்குப்புறத் திடல்களுக்குப் பிரிந்து போய்விட்டன. தரையில் எரிந்தவை பெரும்பாலும் பயிற்சி விமானங்களும் பழைய விமானங்களும். அன்று காலையே க்னிஷ் என்ற விமானி இரண்டு ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். எதில் போனார்? பி.11 என்ற போலந்துப் போர் விமானத்தில். விமானி அறைக்கு மேல்மூடி கிடையாது, சக்கரம் மடங்காது, எதிரியின் குண்டுவீச்சு விமானத்தைவிட வேகமும் குறைவு. விமானம் பழசு என்று நீங்கள் சொன்னது சரி. அப்படியானால் வீழ்த்தியது யார்?

நாடு விழுந்தது. போலந்து விமானிகள் ருமேனியா, பிரான்ஸ் என்று அலைந்து பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். லண்டன் பக்கத்து நார்த்தோல்ட் விமானத் தளத்தில் அவர்களைக் கொண்டு 303ஆம் விமான அணி அமைந்தது. ஆங்கிலம் தெரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று சக்கர சைக்கிளில் ரேடியோவைக் கட்டி மைதானத்தில் ஓட்டவிட்டார்கள். வானில் எதிரியை வீழ்த்தி வந்தவன் சைக்கிள் மிதிக்கிறான்! காதில் ஆங்கிலக் கட்டளை. வலப்பக்கம் திரும்பு, திரும்புகிறான். இடப்பக்கம் திரும்பு, திரும்புகிறான். நாட்டை இழந்தவன், வீட்டுக்குக் கடிதம் போடக்கூட வழியில்லாதவன், மிதிக்கிறான் ஐயா!

அப்புறம் 1940 ஆகஸ்ட் 30. பயிற்சிப் பறத்தல். தூரத்தில் எதிரி விமானங்கள். பாஷ்கியேவிச் என்ற விமானி ரேடியோவில் தலைவரிடம் சொல்கிறார். பதில் இல்லை. மறுபடி சொல்கிறார். பதில் இல்லை. அணியை விட்டுப் பிரிந்தார், பாய்ந்தார், ஒன்றை வீழ்த்தினார். திரும்பி வந்ததும் கண்டிப்பும் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. மறுநாளே அந்த அணி களத்தில் இறங்கியது.

1940இல் ஜெர்மன் வான்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில், அந்த அணி வீழ்த்தியதாகக் கணக்கில் எழுதியது 126 விமானங்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதைக் குறைத்துச் சொல்கிறார்கள், சரி, குறையட்டும். பிரிட்டிஷ் அணிகளும் ஓட்டிய அதே ஹரிகேன் விமானம்தானே இவர்களிடமும் இருந்தது? போலந்து அணிகள் இல்லாவிட்டால் அந்தப் போரின் முடிவு இப்படியே இருந்திருக்கும் என்று சொல்லத் தயங்குவதாக எழுதியவர், பிரிட்டனின் போர் விமானப் படைத் தளபதி டவுடிங்.

நடுவர் அவர்களே, ஒரு கொடியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். போருக்கு முன் போலந்தில் இருந்து, அப்போது ஆக்கிரமிப்பில் இருந்த வில்னோ நகரில், பெண்கள் ரகசியமாக ஒரு கொடி தைத்தார்கள். எங்கோ பறந்துகொண்டிருக்கும் தங்கள் பிள்ளைகளுக்காக. 'அன்பு தியாகத்தைக் கேட்கும்' என்று அதில் எழுத்து வைத்துத் தைத்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே தைத்தார்கள். எல்லைகளைத் தாண்டி 1941இல் அது பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்கப் பாஷ்கியேவிச் இல்லை. அந்த முதல் வெற்றிக்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 27இல் விழுந்துவிட்டார்.

கொடி 1992இல் போலந்துக்குத் திரும்பிவிட்டது. பாஷ்கியேவிச் லண்டன் பக்கத்தில், நார்த்வுட் கல்லறையில்தான் இன்னும் இருக்கிறார்.