சண்டைக்கு நடுவில் ஒரு வேலை

நண்பர்களே, வணக்கம். மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எந்தப் பதிவுக்குக் கீழே போனாலும் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறுகிறார்கள். இந்த மனுஷ ஜாதி உருப்படும் என்று உண்மையாகவே நம்புகிறீர்களா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. பேசுவதற்கு வேறு மாதிரி குறிப்பு எழுதி வைத்திருந்தேன், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அந்தத் தம்பிக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன், எனக்கும் அது பல இரவுகள் தூக்கம் கெடுத்த கேள்விதான்.

முதலில் நான் போட்ட சண்டை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால், முகம் தெரியாத ஒருவர், இப்படிப்பட்ட உலகத்தில் பிள்ளை பெற்றுக்கொள்வதே பாவம் என்று எழுதியிருந்தார். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுவைப்பது நெருப்பைத்தான் என்பது அவர் வாதம். எனக்குச் சுருக்கென்றது. நோய்கள் ஒழிந்ததை, குழந்தைச் சாவுகள் குறைந்ததை எல்லாம் வரிசையாக எடுத்துப் போட்டேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கியது, இரண்டு மணி வரை போனது. நடுவில் எங்கேயோ அவர் என்னைக் கூலிக்கு எழுதுகிறவன் என்றார், நான் அவரை மனநோயாளி என்றேன். அந்த வார்த்தையை எழுதியதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். யார் யாரோ வந்து எனக்கு லைக் போட்டார்கள், யார் யாரோ அவருக்குப் போட்டார்கள். விடிந்த பிறகு மொத்தத்தையும் மறுபடி படித்தேன். முதல் இருபது நிமிடத்துக்குப் பிறகு பிள்ளைகளைப் பற்றி எங்கள் இருவரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு பேருக்குமே பிறக்கப்போகிற பிள்ளைகள் மேல் அக்கறை, அதனால்தான் சண்டையே வந்தது. அந்த அக்கறை எந்த இடத்தில் வழுக்கி விழுந்தது என்று தேடத் தொடங்கியவன்தான் நான், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இது நேற்று வந்த வியாதி இல்லை. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைவழியாக முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29. அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து, 1982இல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்காரர்கள் தங்களுக்குள் இருந்த அறிவிப்புப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு லிஃப்ட்டின் கயிறு அறுந்து விழுந்தால் உள்ளே இருக்கிற பாதரசத் துளி என்ன ஆகும் என்று ஒரு இயற்பியல் புதிர். யாரோ வேடிக்கையாக, பாதரசம் கொட்டியதால் லிஃப்ட்டில் மாசு என்று எழுதிவிட்டார்கள். அதை நிஜ எச்சரிக்கை என்று சிலர் நம்பிவிட்டார்கள். இந்தக் குழப்பத்தைப் பார்த்து ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் செப்டம்பர் 19 அன்று ஒரு யோசனை சொன்னார்: வேடிக்கைக்குச் சொல்வது என்றால் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சின்னக் கோடு, ஒரு அடைப்புக்குறி, மூன்றையும் சேர்த்துப் போடுங்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகம் தெரியும். ஒரே வளாகத்தில் வேலை செய்கிறவர்கள், படித்தவர்கள், நடைபாதையில் தினமும் எதிர்ப்படுகிறவர்கள். அவர்களுக்கே எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு முகம் தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது என்பதை 2005இல் வந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற உளவியலாளர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து செய்தது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ நிஜமாகவோ மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியவர்கள், நூற்றுக்கு 78 தடவை எதிராளிக்குச் சரியாகப் புரியும் என்று நினைத்தார்கள். புரிந்தது 56 தடவை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும் இல்லையா? அதையே குரலில் சொன்னபோது 73 வந்தது. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்தக் குரலும் சேர்ந்து போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அங்கே போய்ச் சேருவது வெறும் எழுத்து, படிக்கிறவர் தன் அன்றைய மனநிலையில் அதற்கு ஒரு குரல் கொடுத்துக்கொள்கிறார்.

மனநிலை என்றேன். 2017இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் ஒன்று செய்தார்கள். சிலருக்குக் கடினமான புதிர்களைக் கொடுத்து எரிச்சலூட்டி, அப்புறம் ஒரு கட்டுரைக்குக் கருத்து எழுதச் சொன்னார்கள். நல்ல மனநிலையில், அமைதியான கருத்துகளுக்குக் கீழே எழுதியவர்களின் பதிவுகளில் 35 சதவீதம் வம்புக்கு இழுப்பவை. எரிச்சலில் இருந்து, மேலேயும் ஏற்கெனவே ட்ரோல் கருத்துகள் கிடந்தால் அது 68 சதவீதம் ஆனது. எல்லாம் சாதாரண ஆட்கள். அந்த இரவு பத்து மணிக்கு நான் என்ன மனநிலையில் உட்கார்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலையிடத்தில் ஒரு கசப்பு. அதை அந்த மனிதர் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்மாறாகத் தோன்றுகிற இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். 2018இல் ரெடிட் என்ற விவாதத் தளத்தின் குழுக்களை ஆராய்ந்தவர்கள், ஒரு குழு இன்னொரு குழுமேல் படையெடுக்கிற மோதல்களில் 74 சதவீதத்தைத் தொடங்கிவைப்பது 1 சதவீதத்துக்கும் குறைவான குழுக்கள் என்று கண்டார்கள். அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்திய பெரியவர்களின் ட்வீட்டுகளில் 80 சதவீதத்தை எழுதியது அவர்களில் 10 சதவீதம் பேர் என்று பியூ ஆய்வு மையம் 2019இல் சொன்னது. அப்படியென்றால் தீக்குச்சி கிழிப்பவர்கள் மிகச் சிலர், காய்ந்த நாளில் பற்றிக்கொள்கிறவர்கள் நாம் எல்லோரும். தம்பி, நீங்கள் கருத்துப் பகுதியைப் பார்த்து மனித இனத்தை எடை போடுகிறீர்கள். அங்கே பேசாமல் படித்துவிட்டுப் போகிற பெரும்பாலானவர்கள் அந்தத் தராசில் ஏறவே இல்லை.

சரி, தீ ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? அதற்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு, தன்பாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் என்ற மூன்று விஷயங்களைப் பற்றிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்டுகளை எடுத்துப் பார்த்த 2017 ஆய்வில், அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பகிர்வு சுமார் 20 சதவீதம் கூடியது. "வெட்கக்கேடு", "துரோகம்" மாதிரிச் சொற்கள். ஒருவர் எழுதியதை அப்படியே பகிர வைக்கிற ரீட்வீட் பொத்தான் ட்விட்டரில் வந்தது 2009இல். அதைக் கட்டிய குழுவை நடத்திய கிறிஸ் வெதரெல் பத்து வருடம் கழித்து, நாலு வயதுப் பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் அதை வெளியே சொன்னதை நான் மதிக்கிறேன். தான் செய்ததைத் தானே திரும்பிப் பார்த்து இது சரியில்லை என்று சொல்ல முடிகிற மனிதர்கள் இருக்கும்வரை எனக்கு நம்பிக்கை போகாது.

சண்டையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தன்னை மனிதனாகவே மதிக்காத ஒருவனிடம் பொறுமையாகப் பேசு என்று அடிபட்டவனுக்கு உபதேசம் செய்வது அநியாயம். பெண்களுக்கு வருகிற மிரட்டல்களைக் "கருத்து மோதல்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நானும் சண்டைக்குப் போவேன். நான் பேசுவது, இருவருக்கும் அக்கறை இருந்தும் வீணாய்ப் போகிற சண்டைகளைப் பற்றி. அது வீணாகாமல் போன இடங்களும் உலகத்தில் உண்டு, ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

1958. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டு குவித்துக்கொண்டிருந்த காலம். அந்த வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை கூடியது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில். சோவியத் தரப்பிலிருந்து வந்த விக்தர் ஷ்தானவ் என்ற வைராலஜி நிபுணர் எழுந்து, பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்துவிடலாம் என்றார். எதிரி நாட்டு மண்ணில் நின்று பேசுகிறவர், அந்த நாட்டின் பழைய ஜனாதிபதி ஜெஃபர்சன், தடுப்பூசி கண்ட ஜென்னருக்கு 1806இல் எழுதிய கடிதத்தை மேற்கோள் காட்டிப் பேசினார். எதிராளியின் வீட்டிலேயே அவர் மதிக்கிற ஒன்றைக் கண்டுபிடித்து அதிலிருந்து பேச்சைத் தொடங்கியிருக்கிறார், பாருங்கள். இதைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1967இல் வேலை தீவிரமானது. தலைமை ஏற்றவர் டி. ஏ. ஹென்டர்சன், அமெரிக்கர். உறைய வைத்து உலர்த்திய தடுப்பு மருந்தை மிகப் பெரிய அளவில் கொடுத்தது சோவியத். உள்ளே சண்டை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் 80 சதவீதம் பேருக்காவது ஊசி போட்டுவிட வேண்டும் என்பதுதான் முதலில் திட்டம். ஆனால் 1966 கடைசியில் கிழக்கு நைஜீரியாவில் மருந்து பற்றாமல் போனது. வேறு வழியில்லாமல் வில்லியம் ஃபேகியும் கூட இருந்தவர்களும் நோய் வந்த வீடுகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். பரவல் நின்றுவிட்டது. பழைய திட்டத்தில் ஊறியவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் நடந்தது. ஆனாலும் கடைசியில் பல நாடுகளில் வழியை மாற்றிக்கொண்டார்கள். 1977இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி. 1980இல் ஒழிந்துவிட்டது என்று அறிவிப்பு. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படுகிற நோய்.

அவர்கள் நம்மைவிட நல்லவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் முன்னால் ஒரு வேலை இருந்தது. யார் சொன்னது சரி என்பதை முடிவு செய்ய நோயாளிகளின் எண்ணிக்கை இருந்தது, எண்ணிக்கை குறைந்தால் தோற்றவருக்கும் சந்தோஷம்தான். என் இரவுச் சண்டையில் எங்கள் முன்னால் வேலை எதுவும் இல்லை, பார்வையாளர்கள் மட்டும் இருந்தார்கள். பார்வையாளர் முன்னால் "நான் சொன்னது தப்பு" என்று சொன்னால் யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த விலைக்கு யார் மனம் மாறுவார்கள்?

இணையத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. விக்கிப்பீடியாவில் நடக்கிற சண்டைகளுக்கு அளவே இல்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கிற போரை அடக்க அங்கே தனி விதியே உண்டு. ஆனால் அரசியலில் எதிரெதிராக நிற்பவர்கள் கலந்து எழுதிய கட்டுரைகள், ஒரே பக்கத்து ஆட்கள் எழுதியவற்றைவிடத் தரமாக இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு கண்டது. எவ்வளவு அடித்துக்கொண்டாலும் கடைசியில் ஒரு பக்கம்தான் நிற்க முடியும், அதை எழுதியாக வேண்டும். அதேபோல, 2024இல் வந்த ஆய்வு ஒன்றில், சதிக் கதைகளை நம்புகிறவர்களோடு செயற்கை நுண்ணறிவு ஒன்று தனியாக, பொறுமையாக, அவர்கள் சொன்ன ஆதாரத்துக்கே பதில் சொல்லிப் பேசியபோது அந்த நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. அதே கருவியை லட்சம் சண்டைகளை மூட்டவும் ஏவலாம், அந்தப் பயம் எனக்கு நிறையவே உண்டு. ஆனால் மனிதர்கள் மனம் மாறவே மாட்டார்கள் என்று இனிமேல் யாரும் சொன்னால் நான் கேட்கமாட்டேன்.

அந்த மனிதர் கதைக்கு வருகிறேன். மூன்று நாள் கழித்து அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ஒன்று கேட்டேன்: நாம் இருவரும் ஒரே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இருவரும் ஒப்புக்கொள்கிற விஷயங்களை மட்டும் அதில் எழுதலாமா? ஒரு வாரம் பதில் இல்லை. பிளாக் செய்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு வந்தது, "ஒரு நிபந்தனை. என் பக்கத்து எண்களை நீங்கள் தேடி எழுதுங்கள், உங்கள் பக்கத்து எண்களை நான் எழுதுகிறேன்."

எனக்குத் தோன்றாத யோசனை அது. நான் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளந்து எடுக்கும் அளவுகளைத் தேடி எழுதினேன். 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. (ஷ்தானவ் பேசிய அதே 1958, கவனித்தீர்களா?) கையால் எழுதும்போதுதான் அந்த ஏற்றம் எனக்கு உறைத்தது. அவர் குழந்தைகளின் கணக்கை எழுதினார். ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990இல் 1.2 கோடிக்கும் மேல், 2022இல் சுமார் 49 லட்சம். அதன் கீழே அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: "இவ்வளவு குறைந்தது எனக்குத் தெரியாது. ஆனால் 49 லட்சம் என்பதும் 49 லட்சம்தான்." அந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை.

அந்தக் கோப்பில் இப்போது ஏழு பக்கம் நிரம்பியிருக்கிறது. பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வியில் இன்னும் நாங்கள் இரண்டு பக்கமாகத்தான் நிற்கிறோம், அது எட்டாம் பக்கத்தில் தலைப்பாக மட்டும் இருக்கிறது. போன வாரம் அதற்குக் கீழே அவர் எழுதியிருக்கிறார்: "இதைப் பிள்ளைகளிடமே கேட்டால் என்ன?" நான் இன்னும் பதில் எழுதவில்லை.