மின்னல், ஒளி, இடி: நடப்பது ஒன்றே

அவைக்கு வணக்கம்.

மின்னல் என்பது மின்சாரம்தான் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். சோதனையில் அது உறுதியானது 1752 மே 10 அன்று. பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய யோசனைப்படி, பிரான்சின் மார்லி-லா-வில் கிராமத்தில் தாலிபார் என்பவர் சுமார் 40 அடி இரும்புக் கம்பியை நிறுத்தி, மின்சாரம் தரையில் இறங்காதபடி அடியில் கண்ணாடிப் பாட்டில்களை வைத்திருந்தார். இடிமேகம் வந்ததும் கம்பியிலிருந்து பொறி பறந்தது. மறு ஆண்டே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதே வகைச் சோதனையில் ரிக்மான் என்ற அறிவியலாளர் இறந்துபோனார். கூரையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்த கம்பியை அவர் தரையோடு இணைத்திருக்கவில்லை. மின்னல் அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போனது.

மேகத்துக்குள் மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரையுள்ள அடுக்கில் நுண்ணிய பனித்துகள்களும் அவற்றைவிடப் பெரிய பனிக்குருணைகளும் மோதிக்கொள்கின்றன. குருணை எதிர்மின்னூட்டம் பெற்று நடுப்பகுதியிலும் கீழேயும் தங்குகிறது. துகள் நேர்மின்னூட்டத்தோடு காற்றில் மேலே ஏறுகிறது. இரண்டும் விலக விலக மின்னழுத்தம் கூடி, மேகத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தரையை நோக்கி ஒரு மங்கலான தடம் புறப்படும். சுமார் 50 மீட்டர் பாயும், ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும், மறுபடி பாயும். கண்ணுக்கு இது அநேகமாகத் தெரியாது. தரையை நெருங்கும்போது மரம், கோபுரம், வெட்டவெளியில் நிற்கும் மனிதர் என உயர்ந்தவற்றிலிருந்து சிறு தடங்கள் மேல்நோக்கிக் கிளம்பும். அவற்றில் ஒன்று மேலிருந்து வருவதைத் தொட்டதும் மின்சுற்று முழுமையாகிறது. ஓடுவது சுமார் 30,000 ஆம்பியர்; வீட்டு மிக்ஸி இழுப்பது மூன்றோ நான்கோ.

நாம் பார்க்கும் அந்தப் பளீர் வெளிச்சம் தரையிலிருந்து மேகத்தை நோக்கி, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஏறுகிறது. அதே தடத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை மின்சாரம் பாய்வதால்தான் மின்னல் துடிப்பதுபோலத் தெரிகிறது.

தடத்திலுள்ள காற்று சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாகிறது, சூரியப் பரப்பைப்போல ஐந்து மடங்கு. அந்தச் சூட்டின் ஒளிதான் மின்னல். அதே சூட்டில், விரிய நேரமில்லாத காற்று வெடித்து அதிர்ச்சி அலையாகக் கிளம்புவதுதான் இடி. இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கின்றன. ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலிக்கு ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி ஆகிறது. தடம் பல கிலோமீட்டர் நீளம் என்பதால் அருகிலுள்ள பகுதியின் ஒலி முதலிலும் உச்சியின் ஒலி பிறகும் வரும். உருட்டல் அதனால்தான். பக்கத்திலேயே விழுந்தால் படாரென்று ஒரே வெடிப்பு.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. 15 நொடி என்றால் 5 கிலோமீட்டர், கணக்கு சரி. ‘தூரத்தில்தானே’ என்று வயலிலேயே நிற்பதுதான் தவறு. அடுத்த மின்னல் பல கிலோமீட்டர் தள்ளி, உங்கள் பக்கமே இறங்கலாம். இடி காதில் விழுகிறதென்றாலே நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

மின்னல் இறங்கிய மரத்தைப் பார்த்திருப்பீர்கள்: உச்சியிலிருந்து அடிவரை பட்டை நாடா நாடாகப் பிய்ந்திருக்கும். உள்ளேயிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி வெடித்ததன் அடையாளம் அது. அடியில் ஒதுங்கியவருக்கு இரண்டு வழியில் ஆபத்து. மரத்தைவிட மனித உடம்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதால் தண்டிலிருந்து பக்கவாட்டில் பாயும். தரையிலும் பரவும். கால்களை அகட்டி நின்றால் இரு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு கூடும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால்தான் மாடுகள் கூட்டமாகச் சாகின்றன.

இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை, வழி கொடுக்கிறது. அந்த வழியில் கூர்மையான வளைவு கூடாது. மின்னோட்டம் மைக்ரோநொடிக் கணக்கில் எகிறுவதால், ஒரு மீட்டர் கம்பியிலேயே சுமார் 30,000 வோல்ட் வரை உருவாகும். கூர்மையாக மடக்கிய இடத்திலிருந்தும் துருப்பிடித்த இணைப்பிலிருந்தும் சுவருக்குள் தாவிவிடும். எர்த் குழியின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே அளந்து பாருங்கள். டிவிக்கு சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பிளக்கையும் கேபிளையும் முன்கூட்டியே கழற்றுங்கள்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தயங்காமல் தொடலாம். 108-ஐ அழையுங்கள். மூச்சில்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுங்கள். பலருக்கு இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கும், மூச்சு திரும்பத் தாமதமாகும். அந்த இடைவெளியில் மூச்சு கொடுக்க ஆளில்லாவிட்டால் துடிக்கத் தொடங்கிய இதயமும் மறுபடி நின்றுவிடும்.