பகடை உருட்டி ஊர் வளருமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

‘லாஸ் வேகஸை உலகச் சுற்றுலா நகரமாக்கியது சூதாட்டமே! சூதாட்டத்துக்கு வெளியே இருப்பவையே!’ இதுதான் தலைப்பு. நான் இரண்டாவது அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், 1931 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது, மறுநாளே பாலைவனத்தில் பணமழை கொட்டியது என்கிற மாதிரி பேசிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டலாம், நன்றாகத்தான் பேசினார்.

ஆனால் அந்தச் சட்டத்தை வேகஸுக்கு மட்டுமா போட்டார்கள்? நெவாடா முழுக்கப் போட்டார்கள். அதே மாநிலத்தில் ரீனோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1930 கணக்கெடுப்பில் ரீனோவில் 18,000 பேருக்கு மேல். வேகஸில் 5,000 சொச்சம். சட்டம் ஒன்று, தேதி ஒன்று, ஆள் பலமும் ரீனோவுக்குத்தான். சூதாட்டம்தான் ஊரை வளர்க்கும் என்றால் இன்றைக்கு நாம் ரீனோவைப் பற்றியல்லவா பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க வேண்டும்? நம் தருமரும்தான் பகடை உருட்டினார். எந்த ஊர் வளர்ந்தது? குடும்பத்தோடு காட்டுக்குப் போனதுதான் மிச்சம்!

அதே 1931இல் வேகஸுக்குப் பக்கத்தில், சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். வேலை உச்சத்தில் இருந்தபோது 5,000 பேருக்கு மேல் சம்பளம் வாங்கினார்கள். தொழிலாளர்களுக்காக அரசாங்கம் கட்டிய போல்டர் சிட்டியில் சூதுக்கும் தடை, மதுவுக்கும் தடை. இங்கே அண்ணன் துள்ளிக் குதிப்பார்: “பார்த்தீர்களா, சீட்டாடத்தானே வேகஸுக்கு வந்தார்கள்?” சரி, வந்தார்கள். பையில் காசு எப்படி வந்தது? வாஷிங்டன் அணை கட்டியதால் வந்தது! 1935இல் அணை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். மின்சாரமும் அணை தேக்கிய மீட் ஏரியும் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஏரியிலிருந்துதான். கோடையில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும் ஊர் அது. தண்ணீரும் ஏசியும் இல்லாமல் எந்தச் சூதாடி உட்கார்ந்து சீட்டுப் போடுவான்?

அப்புறம் உலகப் போர் வந்தது, விமானப்படைப் பயிற்சித் தளம் வந்தது. 1951 முதல் 100 கிலோமீட்டர் தள்ளி அணுகுண்டுச் சோதனை நடந்தது. ஹோட்டல் மாடியில் நின்று காளான் மேகத்தை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். (காற்று போன திசையில் குடியிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் நடந்தது அதுதான்.)

எதிரணி பக்சி சீகல் கதையையும் சொன்னது. 1946இல் ஃபிளமிங்கோ ஹோட்டலைத் திறந்த ரவுடி. திறந்த ஆறே மாதத்தில் அவரைச் சுட்டுவிட்டார்கள். சினிமாவுக்கு நல்ல கதை! என் நாயகன் வேறு. 1959இல் வேகஸில் திறந்த மாநாட்டு மையம். சூதாட வருகிறவன் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவான். திங்கள் முதல் வியாழன் வரை அறைகளை யார் நிரப்புவது? மாநாட்டுக்கு வருகிறவர்கள். அவர்களுக்குக் கம்பெனி காசு கொடுக்கிறது. அறை வாடகையைப் பற்றிப் பேரமே பேச மாட்டார்கள். இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஷெல்டன் அடெல்சன். அவர் காசினோக்காரராக வரவில்லை. காம்டெக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கண்காட்சியை நடத்தியவர். பழைய சாண்ட்ஸ் ஹோட்டலை வாங்கினார், கண்காட்சி அரங்கம் கட்டினார், பிறகு ஹோட்டலை இடித்துவிட்டு 1999இல் வெனிஷியன் ஹோட்டலைத் திறந்தார். பாலைவனத்துக்கு நடுவில் வாய்க்கால் வெட்டிப் படகு விட்டார்!

அதற்குப் பத்து வருடம் முன்னால், 1989இல், ஸ்டீவ் வின் மிராஜ் ஹோட்டலைத் திறந்தார். 3,000 அறை. வாசலில் நெருப்புக் கக்கும் செயற்கை எரிமலை, உள்ளே வெள்ளைப் புலிகளோடு மேஜிக் காட்சி. 2024இல் அந்த ஹோட்டலை மூடும் வரை எரிமலையைப் பார்க்க டிக்கெட் இல்லை; தெருவில் நின்றே பார்க்க முடிந்தது. சீட்டைத் தொடாத குடும்பமும் வந்தது.

எதிரணியின் பலமான வாதத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். மலிவு அறையும் மலிவு பஃபேயும் சூதாட்டக் காசில் போட்டவைதானே? ஆமாம், முந்தைய காலத்தில் அப்படித்தான். ஆனால் 1990களின் கடைசியிலிருந்து ஸ்ட்ரிப் என்கிற வேகஸின் காசினோ சாலையில் உள்ள பெரிய ஹோட்டல்களில் கணக்குத் தலைகீழாகிவிட்டது. அறை, சாப்பாடு, காட்சி, கடை ஆகியவற்றின் வருமானம் சூதாட்ட வருமானத்தைத் தாண்டிவிட்டது. பஃபேயும் மலிவாக இல்லை, போய் வந்தவர்களைக் கேளுங்கள்!

அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கைக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறேன். நியூ ஜெர்சியின் அட்லான்டிக் சிட்டி. வேகஸில் இல்லாத கடல் அங்கே உண்டு, பக்கத்திலேயே நியூயார்க் உண்டு, 1978 முதல் காசினோவும் உண்டு. அக்கம்பக்க மாநிலங்களிலும் காசினோ திறந்த பிறகு, 2014 என்ற ஒரே ஆண்டில் அங்கே நான்கு காசினோக்களை இழுத்து மூடினார்கள். வேகஸுக்கோ, 2019இல் நான்கு கோடிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். இரண்டு ஊரிலும் அதே பகடை, அதே சீட்டு. ஒன்று ஏன் மூடியது, ஒன்று ஏன் நிரம்பியது என்று தங்கை முதலில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.