கியானி ஜி

நேயர்களுக்கு வணக்கம்.

1982இல் ஜெயில் சிங் குடியரசுத் தலைவரானபோது, 'கியானி ஜெயில் சிங்' என்றுதான் செய்தியில் வாசிப்பார்கள். கியானி என்பது அவருடைய குடும்பப் பெயர் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நம் 'ஞானி'தான் அது. பஞ்சாபிகளின் வாயில் கியானி ஆகிவிட்டது.

பொருளில்தான் வித்தியாசம். ஞானி என்றதும் நமக்கு எல்லாம் துறந்தவர் நினைவுக்கு வருவார். கியானியோ மனைவி மக்களோடு ஊருக்குள்ளேயே வாழ்பவர். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபை ஓதி, அதற்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர். அமிர்தசரஸில் ஒரு குருத்வாராவில் காலை விளக்கவுரை முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சப்பாத்திக்கு மாவு பிசைந்த கையோடு ஒரு பாட்டி வந்து, "கியானி ஜி, அந்த ஒரு சொல் எனக்குப் புரியவில்லையே" என்றார். கிளம்பியவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த வரியை மெல்ல இரண்டு முறை பாடிக் காட்டினார். பாட்டி தலையாட்டும் வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பட்டத்தின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இதைத் தேர்வு எழுதியும் பெறலாம். 1882இல் லாகூரில் தொடங்கிய பஞ்சாப் பல்கலைக்கழகம், பஞ்சாபி மொழிக்கு புத்திமான், வித்வான், கியானி என்று படிப்படியாகத் தேர்வுகள் வைத்தது. நம் பக்கத்து வித்துவான் தேர்வு மாதிரிதான்.

கியானி தித் சிங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த குடும்பத்தில் பிறந்தவர். லாகூர் ஓரியண்டல் கல்லூரியில் பஞ்சாபி கற்பித்தார், 'கால்சா அக்பார்' பத்திரிகையை நடத்தினார். 1901இல் காலமானார். சாதியைக் காட்டி விலக்கியவர்கள் நடுவிலும் அவர் கியானியாகத்தான் நின்றார். எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் தெரியாது.

அப்புறம் இன்னொரு பட்டம், 'பாய்'. சகோதரன் என்று பொருள். நம் ஊரில் முஸ்லிம் அன்பர்களை வாய் நிறைய அழைக்கிறோமே, அதே சொல். குரு நானக்கோடு ஊர் ஊராக நடந்து ரபாப் என்ற நரம்புக் கருவியை வாசித்த முஸ்லிம் இசைஞர் பாய் மர்தானா. குரு கிரந்த சாகிபின் முதல் வடிவமாக 1604இல் நிறைவடைந்த ஆதி கிரந்தத்தை, ஐந்தாம் குருவான குரு அர்ஜன் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் பாய் குர்தாஸ். 64,000 பதிவுகளுக்கு மேல் கொண்ட 'மகான் கோஷ்' கலைக்களஞ்சியம் 1930இல் வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்து அதைத் தொகுத்தவரையும் பாய் கான் சிங் நாபா என்றுதான் பஞ்சாப் இன்றும் சொல்கிறது.