எட்டாம் படியில் ஒரு கரிக்கோடு

(தலைப்பு: ஆபத்து வேளையில் மக்கள் கூட்டத்தை நடத்துவது அச்சமே! அக்கறையே! – ‘அக்கறையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த அடைமழையிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று சான்றுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். முதலாவது, 1895-இல் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன் சொன்ன கருத்து: தனியாக இருக்கையில் நாகரிகமாக நடக்கும் மனிதன், கூட்டத்தில் கரைந்ததும் காட்டுமிராண்டி ஆகிவிடுகிறான். இரண்டாவது, 1994-இல் பிளேக் என்ற பேச்சு எழுந்ததும் சூரத் நகரத்தை விட்டு லட்சக்கணக்கானோர் ஓடியது. மூன்றாவது, 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்த கொலை. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா ஒருவரை, பிள்ளை பிடிக்க வந்தவள் என்று சொல்லி ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், ஊரே அரண்டால் உயிரே போகும்” என்று அவர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த அம்மாவின் சாவை லேசாக்கிப் பேச நான் இங்கே வரவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கவும் மாட்டேன். அதற்கு முன் உங்களுக்கு ஒரு படிக்கட்டைக் காட்ட வேண்டும்.

2015 டிசம்பர் 1. சென்னை ஜாஃபர்கான்பேட்டையில் அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. மூன்று மாடி, பன்னிரண்டு குடும்பங்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றிரவு எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மின்சாரம் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. இரவு பதினொரு மணி அளவில் தரைத்தள வீடுகளின் கழிவறை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. கால் மணி நேரத்தில் கட்டிலில் ஏறிவிட்டது.

கீழ் வீட்டுக்காரர்கள் மேலே ஓடி வந்தார்கள். அவர்களோடு, எங்கள் வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் குடும்பமும் வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தலையில் ஒரு கரி மூட்டை. “வீட்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது, இது மட்டும் நனையவில்லை” என்றார். அந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் படிக்கட்டுச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் லைட்டோடு இறங்கிப் பார்ப்பார். “ஐந்தாம் படி” என்று குரல் கொடுப்பார். மாடிகள் எல்லாவற்றிலும் அந்த எண் எதிரொலிக்கும். பிறகு “ஆறு.” பிறகு “ஏழு.”

அந்த எண்களை வைத்துத்தான் பன்னிரண்டு குடும்பங்களும் யோசித்தன. ஐந்தாம் படியில் கேஸ் சிலிண்டர்களை மேலே தூக்கினோம். ஏழாம் படியில் முதல் மாடி வீட்டுக் குழந்தைகளை மூன்றாம் மாடிக்கு அனுப்பினோம். ஃபிரிட்ஜ் நின்றுபோனதால் ஒரு பெரியவரின் இன்சுலின் என்ன ஆகுமோ என்று அவர் மகள் கலங்க, இன்னொரு வீட்டு ஆச்சி மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மருந்தை ஒரு டப்பாவில் மிதக்கவிட்டு, மேலே ஈரத்துணி போர்த்தி வைத்தார்.

இரவு இரண்டு மணிக்கு எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல்: ஏரி உடைந்துவிட்டது, ஓடுங்கள்! எதிரணி நண்பர்கள் சொல்லும் அந்தத் தருணம் இதுதான். இருட்டு, வெள்ளம், வதந்தி, நெருக்கியடித்து நிற்கும் அறுபது பேர். லெ போன் கணக்குப்படி நாங்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு தெருவில் குதித்திருக்க வேண்டும். அங்கே கழுத்தளவு நீர் சுழித்துக்கொண்டு ஓடியது. குதித்திருந்தால் இன்று உங்கள் முன் நிற்க நான் இல்லை.

நடந்தது என்ன தெரியுமா? ஒரு பெண் கேட்டார்: “அண்ணே, கோடு எங்கே இருக்கிறது?” அவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “எட்டாம் படியில் இருக்கிறது. அரை மணி நேரமாக அசையவில்லை.” அவ்வளவுதான். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது நடுவர் அவர்களே. என் கைகால்கள் வெடவெடத்தன. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவு. அந்த அச்சம் எங்களை விழித்திருக்க வைத்தது. விழித்திருந்த அந்த இரவில் யார் எதைச் சுமப்பது, யாரை முதலில் ஏற்றுவது என்று முடிவு செய்தது அக்கறை. டிசம்பர் 2, 3 தேதிகளில் மீனவர்கள் லாரிகளில் ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்களே, அவர்கள் தெருவையா ஆறு சூழ்ந்தது? கடற்கரையில் இருந்தவர்கள், தங்கள் பிழைப்புக்கான படகைத் தூக்கிக்கொண்டு, பெயர் தெரியாத தெருக்களுக்கு வந்தார்கள். எங்கள் படிக்கட்டுக் கம்பியில் வடத்தைக் கட்டி, அந்த இன்சுலின் பெரியவரைத்தான் முதலில் இறக்கினார்கள்.

இது ஒரு கட்டடத்தின் கதை என்று எதிரணியினர் எழுந்து சொல்லக்கூடும். சரி, புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாளின் காலை. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், ஆபத்தை உணர்ந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. கடல் எப்படி இருக்கிறது, இன்று போகலாமா என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்லும் இடம். பூட்டை உடைத்து உள்ளே போய் அதே ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடச் சொல்லி அறிவித்தார்கள். 3,000-க்கும் அதிகமானோர் மேட்டுக்கு ஓடினார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின, ஊர் பிழைத்தது. ஓடியது கூட்டம்தான். அந்த ஓட்டத்தைப் பித்து என்று யாராவது சொல்வார்களா? தினமும் உண்மை பேசிய குரல் அன்றும் உண்மைதான் பேசும் என்று அந்த மக்கள் நம்பினார்கள்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் சுனாமி வருகிறது என்று கடலோரம் முழுவதும் ஓலம் எழுந்தது. பிணம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு ஓடினார்கள். மக்கள் கிளப்பிய வதந்தியா அது? மத்திய உள்துறை அமைச்சகமே விடுத்த எச்சரிக்கை. பொய்த்துப்போன பிறகு மறுக்கவும் செய்தார்கள். அன்று பதற்றத்தை உண்டாக்கியது யார் என்பதைத் தீர்ப்பு எழுதும்போது நடுவர் மறக்கக் கூடாது.

மேலே இருப்பவர்கள் கூட்டத்தைப் பார்த்து அஞ்சுவது பழைய கதை. எதிரணித் தலைவர் மேற்கோள் காட்டிய லெ போனே 1871-இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியைக் கண்டு மிரண்டவர்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் அரசு என்ன நினைத்தது? குண்டு விழுந்தால் லண்டன் மக்களுக்குக் கூட்டங்கூட்டமாகச் சித்தம் கலங்கிவிடும் என்று நினைத்தது. சுரங்க ரயில் நிலையங்களில் அவர்கள் ஒதுங்குவதையும் அது விரும்பவில்லை. ஒருமுறை இறங்கினால் வெளியே வரவே மாட்டார்கள் என்று பயந்தது. 1940 செப்டம்பரில் குண்டுகள் விழத் தொடங்கியதும் மக்கள் மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கிப் படுத்துவிட்டார்கள். அரசுதான் இறங்கிவந்தது, பிறகு படுக்கைகளும் அமைத்துக் கொடுத்தது. பிளாட்பாரத்தில் வெள்ளைக் கோடு போட்டார்கள். ரயிலேறும் பயணிகளுக்கு வழிவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் படுத்தார்கள். விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போனார்கள். அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிப் படித்த நாளில் எனக்கு எங்கள் கரிக்கோடு நினைவுக்கு வந்து கண் கலங்கியது.

சூரத்தைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். தொற்றுநோய் என்றால் விலகிப் போவது மூடத்தனம் அல்ல. அன்று ஊரைக் காலி செய்தவர்களில் படித்த மருத்துவர்களும் உண்டு. கூட்டத்தில் கரைந்து அவர்களும் காட்டுமிராண்டி ஆகிவிட்டார்களா?

இனி போளூர்.

நடுவர் அவர்களே, இதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஆனால் உண்மையை மறைத்து வெற்றி பெற விரும்பவில்லை. அந்தக் கூட்டத்தையும் நடத்தியது அக்கறைதான். தங்கள் பிள்ளைகள் மேல் கொண்ட அக்கறை. அன்று அவர்கள் கையில் இருந்தது வாட்ஸ்அப். அந்த ஆண்டு நாடு முழுவதும் சுற்றிய காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட காட்சி. கடத்தப்பட்டதாகக் காட்டிய குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். வெட்டியது கூட்டம் அல்ல. எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு தனி ஆள்.

ஆனாலும் அடித்தது கூட்டம். எங்கள் படிக்கட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன வித்தியாசம் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். எங்களை மிரட்டியது தண்ணீர். தண்ணீருக்கு முகம் இல்லை. அதற்கு முன்னால் வீட்டுக்காரரும் இஸ்திரிக்காரரும் ஒன்று. ‘நாம்’ என்ற சொல் அன்றிரவு பெரிதானது. போளூரில் ஆபத்துக்கு யாரோ ஒரு முகத்தை ஒட்டிவிட்டார்கள்: வெளியூர் முகம். உடனே ‘நாம்’ சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கல்லெறிந்தார்களே, அங்கேயும் இதுதான் நடந்தது. பிணத்தைப் புதைத்தால் தெருவுக்கு நோய் வரும் என்று நம்பினார்கள். தம் வீட்டார் மேல் கொண்ட அக்கறை, ஊருக்காக உயிரைக் கொடுத்தவரின் சவப்பெட்டிமீது கல்லாக விழுந்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

எதிரணியினர் இதைக் கேட்டு மகிழ வேண்டாம். கூட்டம் அச்சத்தால் மட்டுமே இயங்குகிறது என்று ஆட்சியில் இருப்பவர்கள் நம்பினால் என்ன செய்வார்கள்? மக்கள் பதறிவிடுவார்கள் என்று உண்மையை மறைப்பார்கள். அணை திறக்கும் செய்தியைத் தாமதிப்பார்கள். போளூருக்கு மருந்து அதில் இல்லை. அந்தத் தெருவில் யாராவது ஒருவர் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மா எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெண் கேட்டாரே, கோடு எங்கே இருக்கிறது என்று, அந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்புக்கு வெள்ளையடித்தார்கள். படிக்கட்டுச் சுவரில் அந்த எட்டுக் கோடுகள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னோம். இஸ்திரி அண்ணன் இன்னும் அதே வாசலில்தான் வண்டி போட்டிருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் கரி மூட்டை ஒன்றை முதல் மாடியில் எங்கள் கதவருகே கொண்டுவந்து வைத்துவிடுவார். இந்த ஆண்டும் வைத்திருக்கிறார். இன்று மாலை கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வணக்கம்.