நூல் பிடித்து அளந்தேன்: சிங்கப்பூர் – நியூயார்க்

வணக்கம் மக்களே! பயணப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, கேமரா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

போன வீடியோவில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை 15,349 கி.மீ. என்று சொன்னேன். அதே வழியில் பறந்து போய் இறங்கும்போது இருக்கைத் திரையைப் பார்த்தால், பறந்த தூரம் 16,500ஐத் தாண்டி நிற்கிறது! கமெண்டிலும் "தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். தப்பே இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்காகவே சிங்கப்பூரில் பிராஸ் பாசா பக்கம் போய் இந்த உலக உருண்டையை வாங்கினேன். கடைக்காரர் 38 வெள்ளி சொன்னார். பெட்டியின் மூலை கிழிந்திருந்தது. 30க்குக் கேட்டேன், முடியாது என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் 32! ஆறு வெள்ளி மிச்சம். தேக்கா சந்தையில் ஒரு வேளைச் சாப்பாடு அது.

சரி, இப்போது பாருங்கள். இது சிவப்புத் தையல் நூல். ஒரு முனை சிங்கப்பூரில், மறுமுனை நியூயார்க்கில். இழுத்துப் பிடித்தால் நூல் பசிபிக் பக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது, வழுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. சீனா, மங்கோலியா, சைபீரியா... உச்சியில், வட துருவத்தில் இருக்கும் அச்சுக் குமிழை ஒட்டிக்கொண்டு போய், கனடா வழியாக இறங்குகிறது. ஏன் தெரியுமா? தீர்க்கரேகையில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. பாதிச் சுற்று என்றால் 180. கிட்டத்தட்ட உலகத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதனால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான்.

நூலை அளந்தேன்: 36 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 94. பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. பெருக்கி வகுத்தால் 15,348! ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம், மக்களே! மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதேதான்.

அப்படியானால் திரையில் ஏன் கூடுதல்? நூலுக்குக் காற்று கிடையாது, விமானத்துக்கு உண்டு. ஜப்பானுக்குக் கிழக்கே, பத்து கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. அதன் முதுகில் ஏறிவிட்டால், சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். என் விமானம் பசிபிக் வழியாகப் போனது அதனால்தான்.

அட, விமானத்தைப் பற்றிச் சொல்லவே மறந்துவிட்டேன்! ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், சாதாரண ஏ350-900ஐவிட 24,000 லிட்டர் அதிகம். இருக்கைகள் மொத்தமே 161, எகானமி வகுப்பே கிடையாது. பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பறப்பதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும் இல்லையா? எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது, வேறு சீட்டில் நான் உட்கார மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

நூலைப் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்தது பெர்த் – லண்டன், 14,499 கி.மீ. இந்த உருண்டையில் 34 செ.மீ. வர வேண்டும். வெள்ளிக்கிழமை அளந்து காட்டுகிறேன்.