பேரேட்டைப் பார்த்தவர் யார்?

அவையோர்க்கு வணக்கம்.

கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடைகளின் பழைய முதலாளிமார், இரவில் கடையைப் பூட்டுவதற்கு முன் கணக்கப்பிள்ளையின் பேரேட்டைத் தாமே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது வழக்கம். அதைக் கண்டு வளர்ந்ததனாலோ என்னவோ, ஒரு பெருங்கம்பனியின் தலைவர் சாட்சிக் கூண்டில் ஏறிக் கணக்கியல் தமக்கு விளங்காது என்று கூறியதை வாசித்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

கூறியவர் அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் தொலைத்தொடர்புக் கம்பனியின் தலைமை நிறைவேற்று அதிகாரி பேர்னார்ட் எபர்ஸ். பிற கம்பனிகளின் தொலைபேசி இணைப்புகளைப் பயன்படுத்துவதற்குக் கொடுத்த கட்டணம் செலவாகப் பதியப்பட வேண்டியது. அங்கோ அது சொத்தாகப் பதியப்பட்டது. செலவு மறைந்தது, இலாபம் முளைத்தது. முறைகேட்டின் தொகை ஏறத்தாழ 11 பில்லியன் டொலர். நிதித் தலைவரே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். உண்மையை அறியாதிருக்க வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவரையும் அறிந்தவராகக் கொள்ளலாம் என்று நீதிபதி ஜூரிமாருக்கு விளக்கினார். 2005 மார்ச்சில் எபர்ஸ் குற்றவாளியாகக் காணப்பட்டார்; தண்டனை 25 ஆண்டுச் சிறை.

மூன்று மாதங்களின் பின், தமக்குத் தெரியாது என்ற ஏறக்குறைய அதே வாதம் வேறொரு நீதிமன்றத்தில் வென்றது. ஹெல்த்சவுத் மருத்துவக் கம்பனியில் ஒருவர்பின் ஒருவராக நிதித் தலைவர் பதவி வகித்த ஐவர் கணக்கு முறைகேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க, அவர்களுக்கு மேலே அமர்ந்திருந்த ரிச்சர்ட் ஸ்க்ரூஷி விடுவிக்கப்பட்டார். நிதி அறிக்கைகளுக்குத் தலைமை அதிகாரியே கையொப்பமிட்டு உறுதி கூறவேண்டும் என்ற 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டத்தின் கீழ் முதன்முதலாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தலைவர் அவர்தான்! கையொப்பம் இருந்தது, பொய்யென்று அறிந்தே அதை இட்டார் என்பதைத்தான் ஜூரிமார் ஏற்கவில்லை. (2009இல் குடியியல் வழக்கொன்றில் 2.8 பில்லியன் டொலருக்கு மேல் செலுத்துமாறு அவருக்கு எதிராகத் தீர்ப்பானது வேறு கதை.)

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமோ, நிதிக்கூற்றுகள் சட்டத்துக்கு இணங்கியவை என்று சான்றுரைக்கும் கடமையை அவற்றைத் தயாரிப்பதற்குப் பொறுப்பானவரிடம் ஒப்படைக்கிறது. பணிப்பாளர் சபையின் சார்பில் இருவர் கையொப்பமிடுகின்றனர். நடைமுறையில் சான்று சொல்பவர் மாதச் சம்பளம் பெறும் கணக்காளர். இலாப இலக்கை விதிப்பவர் மேல்மாடியில் இருப்பவர்.

இலக்கை விதித்தவரும் அதே பக்கத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது மட்டுமல்ல என் கோரிக்கை. எதை, எவரிடம், எப்போது கேட்டுச் சரிபார்த்தார் என்பதையும் அவர் எழுதிவைக்க வேண்டும். அப்போது, தமக்கு எவரும் சொல்லவில்லை என்று பின்னாளில் கூறுபவரிடம், "நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?" என்று வினவச் சட்டத்தரணியின் கையில் ஒரு தாளாவது இருக்கும்.